அலுவல் முடிந்தால் இல்லம்

 

1992ஆம் ஆண்டு நம் மலையகத்தின் அரச தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கொழுந்தின் அளவுக்கும் தரத்திற்கும் செலவுக்கும் தோட்ட முகாமையாளர்கள் கம்பனிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவ்வாறே வருடாந்த மாநாடுகளுக்கென நுவரெலியா, ஹட்டன் பகுதிகளிலிருந்து கொழும்பு செல்லும் தந்தையர் நம்மிடையேயும் உளர். ஹலாலான உழைப்பிற்கான பயணம் பாராட்டத்தக்கதே.

ஆயினும், பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கின்றது என்றும், நாடிச் சென்ற அலுவல் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தமை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

மாநாடு முடிந்த பின்னரும் நண்பர்களுடன் தங்கிவிட எண்ணுவோர் இதனைச் சிந்திக்கட்டும். ரயிலேறி ஹட்டனில் இறங்கி வீடு சேர்ந்த பின்பும் கைத்தொலைபேசியிலேயே மூழ்கியிருப்பவர், உண்மையில் இன்னும் வீடு திரும்பாதவரே!

இளைஞர்களே! களைத்து வரும் தந்தையிடம், என்ன வாங்கி வந்தீர்கள் என வினவுமுன் ஸலாம் கூறி ஒரு கோப்பைத் தேநீர் கொடுங்கள்.

கம்பனி ஆண்டுதோறும் கணக்குக் கேட்கின்றது. குடும்பப் பொறுப்பைப் பற்றியோ மறுமையில் அல்லாஹ் கேட்பான். அதற்கு நாம் ஆயத்தமா?