திறவுகோலும் மறைமொழியும்

இளைஞர்களே, பூட்டுக்குப் பொருந்திய திறவுகோல் கதவைத் திறக்கும் என்பது தொன்றுதொட்டு நாம் அறிந்த உண்மை. ஆயினும், இக்காலத்துக் கார் ஒன்றில் திறவுகோல் பொருந்துகிறது. எஞ்சின் உறுமி எழுகிறது. ஓரிரு வினாடிகளில் ஓய்ந்துவிடுகிறது. பெட்ரோலுக்குக் குறைவில்லை, பாட்டரிக்கும் பழுதில்லை. முதல் நாள் நடந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பழுதுற்ற மீட்டர் போர்டைக் கழற்றி, வேறொரு பழைய காரின் மீட்டர் போர்டைப் பொருத்தினார்கள். வேகங்காட்டும் முள்ளுக்கும் எஞ்சினுக்கும் என்ன தொடர்பு?

கார்த் திருட்டைத் தடுக்க ஐரோப்பாவில் 1995-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. அதன்படி 1998 முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் என்னும் தடைக்கருவி கட்டாயமாயிற்று. திறவுகோலின் தலைப்பகுதிக்குள் ஒரு நுண்சில்லு உண்டு. அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், வினாடிக்கு ஏறத்தாழ 1,25,000 அதிர்வுகளுடன் எழுப்பும் காந்தப்புலமே அதற்கு ஆற்றல் தருகிறது. கார் ஒரு கேள்வி விடுக்கிறது; சில்லு தன் மறைமொழியைக்கொண்டு விடை கணிக்கிறது. விடை தவறினால், எஞ்சினை ஆளும் கணிப்பொறி எரிபொருளை நிறுத்திவிடுகிறது.

இக்கேள்வியைக் கேட்கும் நடுவர் எங்கே வீற்றிருக்கிறார்? அதுவே நம் புதிரின் விடை. 1990-களின் இறுதியிலிருந்து ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில், அவருடைய இருக்கை மீட்டர் போர்டுக்குள்ளேயே அமைந்தது. ஆகவே, அதை மாற்றுவது வாயிற்காவலனை மாற்றுவது போன்றது. புதிய காவலன் வீட்டாரை அறியான். வீட்டுத் தலைவரும் அவனை அறியார். திறவுகோல், மீட்டர் போர்டு, எஞ்சின் கணிப்பொறி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறிந்தால்தான் வண்டி ஓடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பழைய போர்டிலுள்ள செய்திகளை முதலில் படித்துச் சேமித்துப் புதியதில் பதிக்கலாம். அல்லது அந்தக் காருக்குரிய இரகசிய எண்ணைக்கொண்டு திறவுகோல்களை மீண்டும் அறிமுகம் செய்யலாம். எனவே, வேலை முடியும்வரை கழற்றிய போர்டை எறிந்துவிடலாகாது. இருக்கும் திறவுகோல்கள் அனைத்தையும் பட்டறைக்குக் கொண்டுசெல்லவும் வேண்டும்.

இங்கே நாணயமும் சோதிக்கப்படுகிறது. ஓடிய தூரத்தின் கணக்கும் அந்தப் போர்டிலேதான் இருக்கிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில், ஐம்பதாயிரம் காட்டும் போர்டைப் பொருத்தி விற்பவன், வாங்குபவனை ஏமாற்றுகிறான். மாற்றிய நாளையும் இரு கணக்குகளையும் எழுதிவைத்து, வாங்குபவனிடம் காட்டுவதே முறை.

இரகசிய எண்ணைத் தயாரிப்பாளர் காப்பது கள்வனைத் தடுக்கவே. ஆனால் அதே காவல், உரிய சொந்தக்காரனையும் சிறிய பட்டறைத் தொழிலாளியையும் வாசலிலே நிறுத்திவிடக் கூடும். கள்வனுக்கு மூடி உரியவனுக்குத் திறப்பதே நல்ல பூட்டு. அத்தகைய பூட்டை ஆக்கும் பணி, நாளைய பொறியியலாளராகிய உங்களுக்காகக் காத்திருக்கிறது.