காற்றுக்கு வாடகை இல்லை



திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரத்தை நாம் பெரும்பாலும் அவசரமாக வாசித்து முடித்துவிடுகிறோம். புனித பவுல் உரோமைக்குப் போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்பதிலேயே நம் கவனம் இருக்கிறது. ஆனால் வழியில் ஒரு தீவு இருக்கிறது. கப்பல் உடைந்து, 276 பேர் நனைந்த உடையோடு மால்த்தா தீவில் கரையேறுகிறார்கள். அவர்களில் கைதிகள் இருக்கிறார்கள், படைவீரர்கள் இருக்கிறார்கள். யார் எவர் என்று அத்தீவு மக்கள் விசாரிக்கவில்லை. மழை பெய்கிறது, குளிர் அடிக்கிறது என்று தீ மூட்டி எல்லாரையும் அருகில் அழைத்துக்கொள்கிறார்கள். பிறகு புப்பிலியு என்பவர் மூன்று நாள் தம்மிடம் தங்கவைத்து விருந்தளிக்கிறார். குளிர்காலம் முடிந்து, மூன்று மாதம் கழித்துத்தான் வேறு கப்பல் ஏறுகிறார்கள். புறப்படும்போது வழிக்குத் தேவையானதையும் அந்த மக்களே கொடுத்து அனுப்புகிறார்கள்.

நமக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு தீவு உண்டு. பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேஸ்வரம் போகிறவர்கள் வழியில் இரண்டு ஊர்ப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். ஒன்று அக்காள்மடம், மற்றொன்று தங்கச்சிமடம். பெயரிலேயே மடம் இருக்கிறது. மடம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். 1914-இல் ரயில் பாலம் வருவதற்கு முன்பு படகில்தான் கடலைக் கடக்க வேண்டும். காற்று ஒத்துவராவிட்டால் காத்திருக்க வேண்டும். கடந்த பிறகும் மணலில் நடக்க வேண்டும். அப்படிப்பட்ட வழியில் மடம் என்பது உயிர் காக்கும் இடம்.

இந்த மடங்களுக்கு அந்தத் தீவு மக்கள் ஒரு கதை சொல்வார்கள். இராமநாதபுரத்தை ஆண்ட விஜய ரகுநாத சேதுபதி தம் பெண்கள் இருவரையும் தண்டத்தேவர் என்ற ஒருவருக்கே மணமுடித்து, அவரைத் தீவின் பொறுப்பில் வைத்திருந்தாராம். தண்டத்தேவர் யாத்திரிகர்களிடம் கட்டணம் வாங்கினார். அந்தப் பணம் நல்ல காரியத்துக்கே போனது என்றும் சொல்வார்கள். ஆனாலும், கடவுளைத் தேடி வருகிறவனிடம் வழிக்குக் காசு வாங்கலாமா என்று கோபப்பட்ட மன்னர் மருமகனுக்கு மரண தண்டனை விதித்தார். பெண்கள் இருவரும் கணவரோடு உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாக அக்காளுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று மடம் எழும்பியது. மன்னர் கொடுத்த தண்டனையை நாம் நியாயப்படுத்த முடியாது. உடன்கட்டையையும் புகழ முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் அந்த ஊர்ப் பெயர்களில் நிற்கிறது.

அந்தத் தங்கச்சிமடத்தில் நாங்கள் சிலர் இரண்டு இரவு தங்கினோம். கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர். ஊருக்கு ஊர் பதியன் போட்டுக் கொடுக்கும் மல்லிகை நாற்றுக்கும் பேர்போன ஊர். நாங்கள் தங்கியது கடற்கரையோரம் ஒரு பழைய விடுதி. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், உப்புக் காற்றில் துருப்பிடித்த சன்னல் கம்பி, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. தொலைக்காட்சி இல்லை. குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கரித்தது. குடிக்க நல்ல தண்ணீரை அந்த வீட்டம்மாவே குடத்தில் கொண்டுவந்து வைத்தார். இரவில் அலைச் சத்தம் தலைமாட்டிலேயே கேட்டது.

எங்களில் ஒருவர், வெளியூர்களில் கடல் பார்த்த அறைக்குத் தனி வாடகை என்று பழகியவர், “அம்மா, இந்தப் பக்கத்து அறைக்குக் கூட எவ்வளவு?” என்று கேட்டார்.

“எல்லா ரூமும் ஒரே வாடகைதாங்க ஐயா. காத்துக்கு எப்படிக் காசு வாங்குறது? அது நாம போட்டதா?” என்றார் அந்த அம்மா.

அறைக்கு அவர் வாடகை வாங்கினார். அது அவர் உழைப்புக்கு உரியது, வாங்கத்தான் வேண்டும். தமது அல்லாததற்குத்தான் அவர் வாங்கவில்லை.

நம் தஞ்சை மண்ணுக்கும் இது தெரியாத செய்தி அல்ல. சேதுவுக்குப் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-இல் முத்தாம்பாள் பெயரில் எழுப்பிய சத்திரம் இன்றும் நிற்கிறது. கடலோரத்தில் சேதுபாவாசத்திரம் ஊர்ப் பெயராகவே தங்கிவிட்டது. இந்தச் சத்திரங்களைக் காப்பாற்ற வேண்டி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்குச் சரபோஜி எழுதிய கடிதத்தில், அங்கே என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதியாருக்கும் சோறு உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயாளிக்கு மருத்துவர் உண்டு. மழையில் மாட்டிக்கொண்டவர் மழை விடும்வரை இருக்கலாம். வந்த இடத்தில் பிரசவமான பெண்ணுக்கு மூன்று மாதம் பராமரிப்பு. மால்த்தாவிலும் அதே மூன்று மாதம்தான் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்னொன்றும் எழுதுகிறார். நடுஇரவில் ஒரு மணி அடிப்பார்களாம். அதுவரை சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மே மாதம் பூண்டி மாதா திருவிழா. பூதலூரில் ரயிலைவிட்டு இறங்கியும், இன்னும் தொலைவிலிருந்து நடந்தும் வருகிறவர்கள் திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டித்தான் போகிறார்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. ஆகவே மே மாதத்தில் காவிரியிலும் குடமுருட்டியிலும் மணல்தான் கிடக்கும். குளிக்க ஆறு இல்லை. முன்பு திண்ணை இருந்தது. யாரையும் கேட்காமல் படுத்து எழுந்து போவார்கள். நம் அப்பா தாத்தா காலத்தில் அதற்கு நன்றி சொல்லும் வழக்கம்கூட இல்லை. இப்போது திண்ணையை இடித்துக் கார் நிறுத்துகிறோம், கேட்டைப் பூட்டுகிறோம். திருட்டுப் பயம் இருக்கிறது, உண்மைதான். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் எல்லாரையும் உள்ளே விட முடியாது. ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டிய ஒரு பெண் நாலு தெரு சுற்றி வருவதை நாம் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். விழா நாள்களில் ஒரு வாளித் தண்ணீருக்கும் விலை வைக்கிறவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். பந்தல் போட்டு மோர் கொடுக்கிறோம், நல்லது. மோர் குடித்தவர் அடுத்து எங்கே போவார் என்றும் யோசிக்க வேண்டும்.

எனவே இந்த ஆண்டு விழாவுக்கு முன் ஒவ்வொரு அன்பியத்திலும் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து பேசிக்கொள்ளலாம். வெளிப்பக்கம் வாசல் உள்ள குளியலறை எந்த வீட்டில் இருக்கிறது, மோட்டார் எந்த வீட்டில் ஓடுகிறது, கொட்டகையில் எத்தனை பாய் போடலாம், இரவில் சாவி யாரிடம் இருக்கும்? நடந்து வருகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் வருவார்கள். பத்து மணிக்குமேல் வருகிறவர்களுக்கு யார் விழித்திருப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.