கன்னியாவின் வெந்நீர்

காய்ச்சல் விட்டாலும் உடம்பின் அலுப்பு உடனே விடுவதில்லை. திருகோணமலையில் அதற்கு இயற்கை தந்த ஆறுதல் ஒன்று உண்டு: கன்னியா வெந்நீரூற்று. துறைமுக நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அனுராதபுர வீதிக்கு அருகே 7 சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். இங்கே எரிமலை இல்லை. பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கும் மழைநீர், பூமியின் வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது.

வாளியால் அள்ளி ஊற்றும்போது இரத்த நாளங்கள் விரிகின்றன. இறுகிய தசைகள் தளர்கின்றன. ஆனால், காய்ச்சல் இருக்கும்போது வெந்நீர்க் குளிப்பு வேண்டாம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் போங்கள். குளித்தபின் நிறையத் தண்ணீர் குடியுங்கள். தேறிவரும் உடம்பை அவசரப்படுத்தாதீர்கள். அதற்கு வேண்டிய ஓய்வை மனமாரக் கொடுங்கள்.