பிள்ளைக் காப்பும் நம் கடமையும்



நம் பிள்ளைகளின் கல்விக்கென இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த சங்கம் இது. ஆதரவற்ற பிள்ளைகளைக் காக்க நாடு செய்துள்ள சீர்திருத்தத்தை இவ்விழாவில் நாம் எடைபோட்டுப் பார்ப்பது பொருத்தமேயாகும்.

சென்னை மாகாணம் 1920 ஆம் ஆண்டிலேயே சிறுவர் சட்டம் கண்டது. நாடு தழுவிய இளைஞர் நீதிச் சட்டம் 1986 இல் பிறந்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992 இல் இந்தியா ஏற்றது. அதன்பின் 2000 இலும் 2015 இலும் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது.

இச்சட்டத்தின் உயிர்நாடி யாது? பிள்ளை வளரவேண்டிய இடம் குடும்பமே; இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழி என்பதே. மாவட்டந்தோறும் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழந்தை நலக் குழு அமைய வேண்டும். ஆதரவற்று நிற்கும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அதன் முன் நிறுத்த வேண்டும்.

கொள்கை உயர்ந்தது, நடைமுறையோ பின்தங்கியது. மாமல்லபுரத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்ட செய்தி கேட்டு 2007 இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கை எடுத்தது. எல்லா இல்லங்களும் பதிவு பெறவேண்டும் என்ற ஆணை 2017 மே திங்களில்தான் வந்தது. இடையே பத்தாண்டுகள்! அதற்குள் ஒரு குழந்தை தன் குழந்தைப் பருவத்தையே கடந்துவிடும்.

இல்லங்களில் இருப்போர் அனைவரும் அனாதைகள் அல்லர். பலருக்குத் தாயோ தந்தையோ உண்டு. சோற்றுக்கும் படிப்புக்கும் வழியின்றியே பெற்றவள் கண்ணீரோடு கொண்டுபோய் விடுகிறாள். வறுமை குற்றமன்று, அதற்குத் தண்டனையாகப் பிரிவை விதிப்பது நீதியுமன்று.

இதற்கு மாற்றாகவே குடும்பத்திலிருக்கும் பிள்ளைக்கு நிதியாதரவுத் திட்டம் எழுந்தது. 2022 இல் வெளிவந்த வாத்சல்யா திட்ட நெறிமுறை, பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வகுத்தது. ஆயின் சிற்றூர்க் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டலாகாது என்றது. கைம்பெண் ஒருத்தி நாளுக்கு 300 ரூபாய் கூலிக்கு மாதம் 21 நாள் உழைத்தாலே ஆண்டுக்கு 75,600 ரூபாய் ஆகிவிடும்! உழைத்தவள் உதவி இழப்பாள். பிள்ளை இல்லத்துக்குப் போகும். இவ்வரம்பு உயரவேண்டும் என்பது நம் கோரிக்கை.

கோரிக்கையோடு நின்றுவிடலாகாது. நம் தெருக்களில் தந்தையிழந்த பிள்ளைகள் எத்தனைபேர் என நாமே கணக்கெடுப்போம். படித்த இளைஞர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம்வரை அத்தாய்மாரோடு செல்லவேண்டும். 1098 என்னும் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் அறியச்செய்வோம். இல்லத்தில் வளர்ந்தோர் 18 வயதில் வெளியேறிய பின்னும் 21 வயதுவரை உதவிபெறச் சட்டம் இடந்தருகிறது. அதையும் அவர்களுக்கு எடுத்துரைப்போம்.

சட்டம் ஏட்டில் கிடந்தால் எழுத்து. நம் தெருவுக்கு வந்தால்தான் காப்பு. அதனை அழைத்துவரும் பணியை இவ்விழா நாளில் நாம் ஏற்போம்.