சுடுசுவர்களுக்கிடையே காற்று



அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றினால் சுடர் புகைகிறது. மாட்டினால் நின்று ஒளிர்கிறது. கண்ணாடிக்குள் சூடேறிய காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழிருந்து புகுகிறது. இஃது இயற்கை வெப்பச்சலனம். என் இளமையில் கூரத்துக் கொல்லர் உலையில் துருத்தி ஊதியதோ வலிந்த சலனம். இரண்டும் ஒருங்கே நிகழ்வதைக் கலப்புச் சலனம் என்பர்.

அதனை ஆராயும் கருவி எளியதே. இரு உலோகத் தகடுகளைச் சிறிது இடைவெளிவிட்டுச் செங்குத்தாக நிறுத்தி, மின்சாரத்தால் சூடேற்றி, விசிறியால் இடையே காற்றைச் செலுத்துகிறார்கள். கொடுத்த மின்சாரத்தில் புறத்தே கசிந்தது போக எஞ்சியதே காற்று கவர்ந்த வெப்பம்.

விசிறி மேல்நோக்கி ஊதினால் இரு விசைகளும் ஒருமுகப்படுகின்றன. வெப்பம் மிகுதியாகக் கவரப்படும் என்றே எவரும் விடையெழுதுவர். காற்று அமைதியாக ஒழுகுங்கால் அவ்விடை சரியே. கொந்தளித்து ஓடுங்காலோ, சில நிலைகளில், வெப்பம் கவர்தல் குறைந்துவிடுகிறது! காரணம் கேளுங்கள். சுவரோரக் காற்று சூட்டினால் தானே விரைகிறது. அதற்கும் நடுக்காற்றுக்கும் உள்ள வேக வேற்றுமை தணிகிறது. சுழல்களைப் பிறப்பிப்பது அவ்வேற்றுமையே அன்றோ? சுழல் ஒடுங்கியபின் சுவரின் சூட்டை நடுவுக்குச் சுமப்பார் யார்? மாஞ்செஸ்டரைச் சேர்ந்த ஹால், ஜாக்ஸன் என்னும் அறிஞர்கள் 1969இல் இவ்விளக்கத்தை வெளியிட்டனர். கீழ்நோக்கி ஊதினால் சுழல் பெருகி, வெப்பம் நன்கு கவரப்படுவதும் உண்டு. விசைகளைக் கூட்டிப் பார்த்தே விடை சொல்லிவிட இயலாது என்பதற்காகவே இதனை விரித்துரைத்தேன்.

இது வெறும் வேடிக்கையன்று. 2019 வரை எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த கல்பாக்கத்தில், உருகிய சோடியத்தால் குளிர்விக்கும் சோதனை அணுவுலை 1985இல் இயங்கத் தொடங்கியது. அணுவுலையை நிறுத்திய கணத்திலும், முழு ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காடு வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். 2011இல் ஜப்பானின் புகுஷிமாவில் ஆழிப்பேரலையால் மின்சாரம் அற்றுப் பம்புகள் நின்றதும், அவ்வெப்பமே எரிபொருளை உருக்கியது.

கல்பாக்கத்தில் எழுந்த 500 மெகாவாட் ஈனுலைக்கு, மின்சாரமின்றியே அவ்வெப்பத்தை அகற்ற நான்கு சுற்றுகள் வகுத்தனர். சோடியம் தன் சூட்டாலேயே சுற்றிவரும். உயர்ந்த புகைபோக்கி காற்றை இழுக்கும். எல்லாம் நம் அரிக்கேன் தத்துவமே! பம்பின் வேகம் தணிந்து இயற்கை ஓட்டம் தலையெடுக்கும் இடைவேளையில், உலைக்குள் நிகழ்வது கலப்புச் சலனம். ஆயினும் சோடியம் வெப்பத்தை மிக எளிதில் கடத்தும் உலோகம்; காற்றில் கண்ட கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. ஆகவே அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார், மெய்யான சுற்றில் 22இல் ஒரு பங்கு அளவினதாய் 'ஸாதனா' என்னும் ஆய்வுச் சுற்றை அமைத்து, உருகிய சோடியத்தையே அதில் ஓடவிட்டு அளந்தனர்.