இரண்டு வடையும் ஐந்து கிலோமீட்டரும்

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "அனல்மின் நிலையத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுப்பா" என்றுதான் கேட்டார். "சார், வேற ஒரு பாய்லரைப் பத்திப் பேசட்டுமா?" என்றேன். எந்த பாய்லர் என்றார். இதோ, இந்தச் சட்டைக்குள்ளே இருக்கிறதே, அதுதான்.

2010-இல் இயந்திரவியல் படித்து முடித்து இந்த வாசலைத் தாண்டியபோது என் எடை 64 கிலோ. 2022-இல் ஒரு வேலையாக இந்தப் பக்கம் வந்தவன், விடுதி மெஸ்ஸை எட்டிப் பார்த்தேன். நமக்கெல்லாம் பரிமாறிய அண்ணன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி இங்கேதானே படிச்சாரு? நல்லா இருக்காரா?" என்று கேட்டார். "நல்லா இருக்கான் அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று என் எடை 89 கிலோ.

சிரித்தது போதும். அடுத்த மாதமே மின்நிலையத்தில் ஆண்டு மருத்துவப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை 116. இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே ஆபத்து என்றார் டாக்டர். "இன்னும் நோய் இல்லை, நோயோட வாசல்ல நிக்கிறீங்க" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், அந்த வருடம்தான் என் அப்பாவுக்குச் சர்க்கரைப் புண் ஆறாமல் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள்.

அப்பா சோம்பேறி இல்லை. இருபது வருடமாகத் தினம் விடிகாலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தவர். மழை பெய்தால் குடையோடு நடப்பார். நடக்கிற மனுஷனுக்கே இப்படி என்றால், நாற்காலியில் உட்காருகிற எனக்கு என்ன கதி?

முதலில் ஜிம்மில் சேர்ந்தேன். மூன்று மாதம், வாரம் ஐந்து நாள், டிரெட்மில்லில் வியர்வை ஊற்ற ஊற்ற நடந்தேன். மூன்று மாத முடிவில் தராசு காட்டியது 88. ஒரே ஒரு கிலோ! தராசு பழுது என்று சொல்லி வேறு தராசு வாங்கினேன். அதுவும் 88 என்றது.

அப்போதுதான் நான் ஒரு பொறியாளன் என்பது ஞாபகம் வந்தது. தினமும் நிலக்கரிக்கு வெப்ப மதிப்புக் கணக்குப் போடுகிறவன், சொந்த வயிற்றுக்குப் போட்டதில்லை. நம் மின்நிலையங்களுக்கு வரும் இந்திய நிலக்கரி கிலோவுக்குச் சுமார் 3,500 முதல் 4,000 கிலோ கலோரி தரும். உடம்பில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கிலோ கலோரி. அதாவது நம் தொப்பை, நிலக்கரியைவிட இரண்டு மடங்கு உயர்ந்த சரக்கு! அவ்வளவு சுலபத்தில் எரிந்து தீருமா?

89 கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 220 கிலோ கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய 35 நாள் நடக்க வேண்டும். அதுவும் சாப்பாடு ஒரு கவளம்கூட ஏறாமல் இருந்தால்! எனக்கோ ஜிம்மிலிருந்து வந்ததும் அகோரப் பசி. இரண்டு இட்லி கூடுதலாகப் போகும். "உழைச்சிருக்கோம்ல" என்ற நினைப்பு வேறு.

அப்பாவின் நடையும் அப்படித்தான் முடியும். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு ஓட்டல். நண்பர்களோடு இரண்டு மெதுவடை, சட்னி சாம்பார், சர்க்கரை போட்ட ஒரு காபி. "நடந்த கூலி" என்பார். அந்தக் கூலி 350 கிலோ கலோரிக்குக் குறையாது. உழைப்பைவிடக் கூலி அதிகம். எந்தக் கம்பெனி தாங்கும்?

சரி, அப்படியானால் சாப்பாட்டையே நிறுத்திவிடுவோம் என்று அடுத்த கிறுக்குத்தனம். காலையில் ஒரு பழம், மதியம் மோர், ராத்திரி வெறும் காய். இரண்டு மாதத்தில் 9 கிலோ இறங்கியது. ஆபீசில் எல்லோரும் கை கொடுத்தார்கள். ஆனால் பாய்லரின் மேல்தளத்துக்குப் படியேறும்போது கண் இருட்டியது. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். தூக்கத்தில் பரோட்டா வந்தது. அம்மா, "சோத்தை வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கிறது பாவம்டா" என்று அழுதுவிட்டார். பத்தே மாதத்தில் போன 9 கிலோவும் வட்டியோடு திரும்பி வந்து 90 ஆனது.

இது என் பலவீனம் மட்டுமல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டுப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதற்காக நடந்த ஆய்வு அது. எடை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. கூடவே அவர்களின் உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்ததும் எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை.

நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி காலியாகும் என்று நினைக்கிறோம். உள்ளே மிதவை வால்வு இருக்கிறது. மட்டம் இறங்கியதும் அது உள்குழாயைத் திறக்கும். அந்த வால்வுதான் பசி. போதாததற்கு இந்தத் தொட்டி வெளிக்குழாயையும் தானே கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும்! 2012-இல் ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் டான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களை அளந்து பார்த்தார்கள். நாளெல்லாம் நடக்கிறவர்கள். ஆனால் உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த சக்தி, மேலைநாட்டு நகரவாசியின் செலவுக்கு ஏறத்தாழ சமமாகவே இருந்தது. உடம்பு சிக்கனம் தெரிந்த குடும்பத் தலைவி. ஒரு பக்கம் செலவு கூடினால் இன்னொரு பக்கம் இழுத்துப் பிடிக்கும்.

ஆகவே மூன்றாவது முறை வால்வோடு சண்டை போடவில்லை. அதை ஏமாற்றாமல், மெதுவாக இறக்கினேன். ஒரு நோட்டு, சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு, அவ்வளவுதான் முதலீடு.

முதல் வாரம் எதையும் குறைக்கவில்லை, எழுதினேன். ஷிஃப்டில் தினம் ஐந்து காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மொத்தம் 50 கிராம், 200 கிலோ கலோரி. ஐந்து கிலோமீட்டர் நடைக்குக் கிட்டத்தட்ட சமம்! நடக்காமலே நடந்த பலன் அந்தச் சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. அடுத்தது எண்ணெய். நாங்கள் பெரியவர்கள் நான்கு பேர். மாதம் நான்கு லிட்டர். கணக்குப் போட்டால் தலைக்கு நாளொன்றுக்கு 270 கிலோ கலோரி. என் மனைவி நோட்டைப் பார்த்துவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா ஜிம்முக்குக் கட்டின பணத்துல கிரைண்டர் வாங்கியிருக்கலாமே" என்றார்.

சர்க்கரையை நிறுத்தினோம். எண்ணெயை இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவந்தோம். மதியச் சோறு மூன்று கரண்டி, ஒன்றரை ஆனது. காலியான இடத்தைக் காலியாக விடவில்லை. பொரியலும் கீரையும் இரண்டு மடங்கு, கூடவே சுண்டலோ முட்டையோ கெட்டிப் பருப்போ. வயிறு நிறைந்தால்தான் வால்வு மூடும். புரதமும் நாரும் இருந்தால் சீக்கிரம் நிறையும். சோற்றை விரோதி என்று நான் சொல்லவில்லை. நாம் தட்டில் சோற்றை மலையாகவும் காயை ஊறுகாய் மாதிரியும் வைக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

பதினான்கு மாதத்தில் 90-லிருந்து 76. காகிதத்தில் நாளுக்கு 450 கிலோ கலோரி குறைத்திருந்தேன். இறங்கிய 14 கிலோவைத் திருப்பிக் கணக்குப் போட்டால் நாளுக்கு 250 கிலோ கலோரிதான் வருகிறது. மீதியில் கொஞ்சம் என் நோட்டின் பிழை, கொஞ்சம் உடம்பின் சிக்கனம். சர்க்கரை 96-க்கு வந்தது. அட்டவணைப்படி நான் இன்னும் ஒல்லி இல்லை. ஆனால் வாசலிலிருந்து திரும்பிவிட்டேன்.

"அப்போ உடற்பயிற்சி வேண்டாமா சார்?" என்று ஒரு தம்பி கையைத் தூக்குகிறார். அவசரப்படாதீங்க. எடையைக் குறைப்பதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கு என்றுதான் சொன்னேன். உடற்பயிற்சியின் சம்பளத்தைத் தராசில் தேடினால் கிடைக்காது. அது வேறு கஜானாவிலிருந்து வருகிறது.

லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் வெளியிட்ட ஆய்வில், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று தெரிந்தது. டிரைவர்கள் குண்டு என்பதாலா? 1956-இல் அவர்களுடைய சீருடையின் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் கண்டக்டர் ஒல்லியானாலும் பருமனானாலும் அந்தப் பாதுகாப்பு இருந்தது.

நம் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், என்னைப்போல் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில், சர்க்கரை நோய்க்குள் போகும் ஆபத்து மூன்று வருடத்தில் 28.5 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள், அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை.

இன்னும் ஒன்று. பட்டினியில் எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகும். பளு தூக்கினால், தண்டால் எடுத்தால், தசை தங்கும். குறைந்த எடை திரும்பி ஏறாமல் காவல் காப்பதிலும் உடற்பயிற்சிக்குத்தான் முதலிடம். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், எடை குறைத்து அதைக் காப்பாற்றி வருகிறவர்களின் விவரம் சேர்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தினம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறவர்கள். சுருக்கமாகச் சொன்னால், இறக்குவது சமையலறை, காப்பது மைதானம்.

என் வயதுத் தோழர்களுக்கு: நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. இந்த அரங்கில் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த மாதம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இடுப்பை ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உணவைக் குறைக்காதீர்கள். இப்போது எடை குறைக்க வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது. தேவையானவர்களுக்கு டாக்டர் சொல்வார். ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. ஆகவே தட்டை மாற்றாமல் தப்பிக்க வழியில்லை.

விடுதித் தம்பிகளுக்கு: ராத்திரி பதினொரு மணி பரோட்டாவை நான் தடுக்கவில்லை, நானும் தின்றவன்தான். தினமும் வேண்டாம் என்கிறேன். மைதானம் உங்கள் அறையிலிருந்து இருநூறு அடியில் இருக்கிறது. வெளியே போனபிறகு அதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக அப்பா. "நடந்து நடந்து என்ன பிரயோஜனம்?" என்று ஒருநாள் அவருடைய டாக்டரிடம் கேட்டேன். "நடந்ததாலதான் இருபது வருஷம் இதயம் தாங்கிச்சு. இல்லேன்னா விரலோட போயிருக்காது" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு நான் நடையைக் கேலி செய்வதில்லை. இப்போது மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு, மெதுவாக, இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார். நான் ஊரில் இருக்கும் நாட்களில் கூடப் போவேன். அதே ஓட்டல்தான். இரண்டு காபி, சர்க்கரை இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே ஒரு வடை வாங்கிப் பாதியாகப் பிய்ப்பார். பெரிய பாதி எனக்குத்தான் வரும். அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நடக்கப்போகிறேன். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். முடிந்ததும் மெஸ்ஸுக்குப் போய் அந்த அண்ணனைப் பார்த்து, "என் தம்பி வந்திருக்கான்" என்று சொல்ல வேண்டும்.