காப்பாற்றப் போகிறவரும் உயிரோடு திரும்ப வேண்டும்

(திருகோணமலையில் துறைமுகப் பகுதித் தொழிலாளர் குடும்பங்களுக்காகச் சங்கம் நடத்திய பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



தேயிலை மலையில் வேலை செய்கிற நமக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி இந்தப் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் இங்கே மூட்டை இறக்குகிறார்கள், லொறி ஓட்டுகிறார்கள், ஆலைகளில் இரவு வேலை பார்க்கிறார்கள். மலையில் பிறக்கும் மகாவலி இங்கே கொட்டியாரக்குடாவில்தான் கடலோடு சேர்கிறது. மேலே ஓடையில் கழுவி விட்ட மருந்து கீழே எங்கே வந்து சேரும் என்று நாம் யோசித்தால், மலையும் துறைமுகமும் தூரத்தில் இல்லை என்பது விளங்கும்.

இன்றைக்குப் பேச வந்த விஷயம் இதுதான். நச்சு வாயு கசிந்தால், அமிலம் கொட்டினால், எண்ணெய்ப் பவுசர் கவிழ்ந்தால் முதலில் அங்கே ஓடுகிறவர் யார்? அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் ஓடுகிறவர் தீயணைப்பு வீரர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முதலில் ஓடுகிறவர் பக்கத்தில் நிற்கிற தொழிலாளிதான். 2018 ஏப்ரலில் ஹொரணைக்கு அருகே பெல்லப்பிட்டியவில் ஓர் இறப்பர் தொழிற்சாலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அமோனியா இருந்த தொட்டிக்குள் ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போனவர்களும் சிக்கிக்கொண்டார்கள். ஐந்து உயிர்கள் போயின. விழுந்தவரை விட, தூக்கப் போய் இறந்தவர்களே அதிகம்.

அவர்கள் மோட்டுத்தனமாகப் போனவர்கள் அல்ல. கூட வேலை செய்கிறவர் கண் முன்னால் துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க நம் ஆட்களால் முடியாது. லயத்தில் தீப்பிடித்தால் வாளியோடு ஓடுகிறவர்கள் நாம். அந்த நல்ல மனதைத்தான் மூடிய குழியும் நச்சு வாயுவும் பலி எடுக்கின்றன. குழிக்குள் சுவாசிக்கக் காற்று இல்லை என்றால், இரண்டு மூச்சில் பலசாலியும் விழுவார். அவரைப் பார்த்து அடுத்தவர் இறங்குவார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். காப்பாற்றப் போகிறவர் நின்றால்தான் விழுந்தவருக்கு வழி பிறக்கும்.

அப்படியென்றால் பயிற்சி பெற்ற தீயணைப்புப் படையிடம் விட்டுவிட்டால் போதுமா? அதுவும் போதாது. 1944 ஏப்ரல் 14ஆம் திகதி பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் தீப்பிடித்தது. கப்பலில் பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 தொன் வெடிபொருட்களும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. தீயணைப்பு வீரர்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இந்தியாவில் இன்றும் ஏப்ரல் 14ஆம் திகதி தீயணைப்புப் படையினரின் நினைவு நாள்.

எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி, லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அதே கதை. களஞ்சியம் ஒன்றில் தீ என்று பத்துப் பேர் கொண்ட குழுவை அனுப்பினார்கள். உள்ளே 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று ஆண்டுக்கணக்கில் கிடந்ததை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பத்துப் பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஊரில் 200 பேருக்கு மேல் மாண்டார்கள். அமோனியம் நைத்திரேற்று உரமாகவும் பாவிக்கப்படுகிற பொருள். உரம் என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹொரணையில் பயிற்சி இல்லை. பெய்ரூட்டில் பயிற்சி இருந்தது, தகவல் இல்லை. இரண்டில் எது குறைந்தாலும் முதலில் போகிறவர்தான் சாகிறார். ஆகவே நாம் கேட்க வேண்டியவையும் இரண்டு: பயிற்சியும் தகவலும்.

பயிற்சி பெற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அவர்கள் முதலில் செய்வது நிற்பது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கிறார்கள். புகையோ வாயுவோ தங்கள் மேல் வராத பக்கமாக, காற்று வருகிற திசையில், மேட்டில் நிற்கிறார்கள். குளோரின், சமையல் எரிவாயு போன்றவை காற்றை விடக் கனமானவை, பள்ளத்தில் தேங்கும். அமோனியா இலேசான வாயு. ஆனாலும் பெருமளவில் குளிர்ந்து கசியும்போது நிலத்தோடு படிந்து வரும். ஆகவே பள்ளத்தில் இறங்காதே என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான பாடம்.

அடுத்து, பொருள் என்ன என்று தூரத்திலிருந்தே அடையாளம் காண்கிறார்கள். ஆபத்தான சரக்கு ஏற்றிய கொள்கலனிலும் பவுசரிலும் சாய்சதுர வடிவில் ஓர் அடையாளம் இருக்க வேண்டும். தீச்சுவாலை போட்டிருந்தால் எரியும் பொருள். மண்டையோடு போட்டிருந்தால் நஞ்சு. ஒரு கையின் மேலும் உலோகத்தின் மேலும் திரவம் சொட்டுவது போல் இருந்தால் அமிலம் போன்ற அரிக்கும் பொருள். கூடவே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அது உலகம் முழுவதற்கும் பொதுவான எண். 1203 என்றால் பெற்றோல், 1202 டீசல், 1005 அமோனியா, 1017 குளோரின். அந்த எண்ணை மட்டும் தொலைபேசியில் சரியாகச் சொன்னாலே, வருகிறவர்கள் எந்த உடுப்போடு, எந்த நுரையோடு வர வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் படிக்கலாம்.

பிறகு இடத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். உள்ளே சிவப்பு வலயம். தகுந்த உடுப்பும் சுவாசக் கருவியும் உள்ளவர் மட்டும் போகலாம். நடுவில் மஞ்சள் வலயம். வெளியே வருகிறவரின் உடலிலும் உடுப்பிலும் பட்டதை அங்கே கழுவி எடுப்பார்கள். வெளியே பச்சை வலயம். அம்புலன்சும் பொலிசும் அங்கே நிற்கும். கழுவாமல் ஒருவரை அம்புலன்சில் ஏற்றினால் வண்டியில் இருப்பவரும் ஆஸ்பத்திரித் தாதியும் பாதிக்கப்படலாம். உடுப்பும் கருவியும் இல்லாத நமக்குச் சுலபமான அளவு ஒன்று உண்டு. கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்துங்கள். நடந்த இடம் முழுவதும் விரலுக்குள் மறைந்தால் ஓரளவு தூரத்தில் நிற்கிறோம். மறையாவிட்டால் இன்னும் பின்னால் போக வேண்டும். பவுசர் எரிகிறது என்றால் சுற்றிலும் 800 மீற்றர் விலகும்படி வட அமெரிக்க நாடுகளின் அவசரகாலக் கைந்நூல் சொல்கிறது. நம் ஊரிலோ பவுசர் கவிழ்ந்தால் வாளி கொண்டு ஓடுகிறோம்.

இந்தத் துறைமுகத்துக்கு இது புதிய கவலை அல்ல. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் நாட்கணக்கில் எரிந்தது. எஞ்சிய 99 தாங்கிகளையும் பகிர்ந்து பயன்படுத்த 2022 ஜனவரியில் உடன்படிக்கை செய்தார்கள்: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கு 61. தாங்கிகள் நிரம்பினால் நாட்டுக்கு நல்லது. அவற்றைச் சுற்றி வேலை செய்கிறவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் ஒத்திகைப் பயிற்சியும் அதே வேகத்தில் வர வேண்டும் என்பது நம் கோரிக்கை.

கடலும் நமக்கு இரண்டு முறை எச்சரிக்கை தந்தது. 2020 செப்டம்பர் 3ஆம் திகதி, அம்பாறைக் கரைக்கு அப்பால், சுமார் 270,000 தொன் மசகெண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பலில் தீப்பிடித்தது. இயந்திர அறையில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் தொழிலாளி ஒருவர் இறந்தார். நம் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் சேர்ந்து தீயை அணைத்ததால் எண்ணெய்த் தாங்கிகள் தப்பின. இல்லாவிட்டால் கிழக்குக் கரை முழுவதும் கறுத்திருக்கும்.

அடுத்த ஆண்டு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள். அவற்றில் 81இல் ஆபத்தான பொருட்கள். 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலம் கசிகிறது என்று தெரிந்து கட்டாரிலும் இந்தியாவிலும் இறக்கக் கேட்டார்கள். இரண்டு துறைமுகமும் ஏற்கவில்லை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, 25ஆம் திகதி வெடித்து, ஜூனில் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் மூடின. மீனவர்களின் அடுப்பு அணைந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லதுதான். ஆனால் கசிவு சின்னதாக இருந்தபோது சரியாகக் கையாண்டிருந்தால் நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் கரையொதுங்கிய பொருட்களை எடுக்க மக்கள் ஓடினார்கள். தொட வேண்டாம் என்று பொலிசும் அதிகாரிகளும் சொல்ல வேண்டியிருந்தது. வறுமையில் இருப்பவருக்கு ஒதுங்கிய பெட்டி ஒரு வரம் போலத் தெரியும். அதைக் குறை சொல்வதற்கில்லை. முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். நம் ஸ்டோரில் களைகொல்லியும் பூச்சிமருந்தும் இருக்கின்றன. இறப்பர் தோட்டத்தில் அமோனியாவும் போர்மிக் அமிலமும் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் டீசலும், சுலபமாகத் தீப்பற்றும் தேயிலைத் தூசும் இருக்கின்றன. லயத்துக் காம்பராவில் காஸ் சிலிண்டர் இருக்கிறது. காஸ் மணந்தால் சுவிச்சைத் தொடாமல், நெருப்புக்குச்சி கிழிக்காமல், கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வர வேண்டும். மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. மருந்து கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். உடுப்பில் ஊறினால் உடுப்பைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், லேபல் உள்ள போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் தொழிலாளி தானே கற்றுக்கொள்ளட்டும் என்று நிர்வாகம் ஒதுங்க முடியாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1990இல் ஏற்றுக்கொண்ட 170ஆம் இலக்க இரசாயனப் பொருட்கள் சமவாயம், தான் கையாளும் பொருள் என்ன என்று அறியும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயம் இருந்தால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் உண்டு என்கிறது. 2022இல் அதே அமைப்பு, பாதுகாப்பான வேலைத்தளத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. நாள் சம்பளத்துக்குப் போராடுகிற நாம், அந்தச் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற உயிருக்காகவும் கேட்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும், துறைமுகப் பகுதிக் கிளையும் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. ஸ்டோரிலும் தொழிற்சாலையிலும் உள்ள ஆபத்தான பொருட்களின் பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் கதவில் தொங்க வேண்டும். அதன் பிரதி ஒன்று தோட்ட வைத்திய உதவியாளரிடமும் ஒன்று அருகிலுள்ள தீயணைப்புப் படையிடமும் இருக்க வேண்டும். மூடிய தொட்டிக்குள் சுவாசக் கருவியும், இடுப்புக் கயிறும், வெளியே காவலுக்கு ஓர் ஆளும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை வேலை நேரத்தில், சம்பளத்தோடு, ஒத்திகை நடக்க வேண்டும். அந்த ஒத்திகையில் கொழுந்து எடுக்கிற பெண்களும், பிள்ளைக் காம்பரா ஆயாவும் கட்டாயம் இருக்க வேண்டும். பகலில் லயத்தில் என்ன நடந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறவர் அந்த ஆயாதான்.

நாம் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிசுக்கு 119. இந்த நான்கு எண்களையும் லயத்துச் சுவரிலும் பாடசாலைச் சுவரிலும் எழுதுவோம். அழைக்கும்போது இடம், பொருளின் பெயர் அல்லது எண், காற்று வீசும் பக்கம், விழுந்து கிடப்பவர் எத்தனை பேர் என்று நான்கு விஷயம் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவோம்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு தோட்டத்துத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் தங்கள் ஸ்டோரில் உள்ள பொருட்களின் பட்டியலைக் கையோடு கொண்டு வர வேண்டும். நிர்வாகம் கொடுத்தால் வாங்கி வாருங்கள். மறுத்தால், மறுத்த திகதியை எழுதி வாருங்கள். அங்கிருந்து நம் வேலையைத் தொடங்குவோம்.